இனி வந்தே ஆக வேண்டுமா? – போக்கர் ஆட்டமும் நிகழ்தகவும்

“சார், மூணு மணி நேரமா ஒரு நல்ல சீட்டுகூட வரலை. இனிமே வந்துதானே ஆகணும்?”

2023ஆம் ஆண்டில் ஒரு நாள், எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு மாணவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. கைப்பேசியில் பணம் வைத்துப் போக்கர் ஆடும் பழக்கம் அவருக்கு. தேர்வுக் கட்டணத்துக்கென்று வீட்டில் கொடுத்த தொகையில் பாதி முந்திய இரவிலேயே போய்விட்டது. மீதிப் பாதியையும் வைத்து ஆடலாமா என்பதுதான் கேள்வியின் உட்பொருள். இதில் வியப்பு என்னவென்றால், அதற்கு முந்திய வாரம்தான் அவர் நாணயம் சுண்டும் கணக்கு ஒன்றைத் தேர்வுத்தாளில் பிழையின்றிச் செய்திருந்தார். பத்து முறை தொடர்ந்து தலை விழுந்தாலும், பதினோராம் முறை தலை விழும் நிகழ்தகவு 1/2 தான் என்று தம் கையாலேயே எழுதியவர் அவர்!

ஆகவே இது கணக்குத் தெரியாமையால் வந்த பிழை அன்று. தெரிந்த கணக்கு, சீட்டைக் கையில் எடுத்ததும் ஏன் மறந்துபோகிறது? இதைக் காண்பதற்குப் போக்கர் ஆட்டத்தைச் சற்றே தெரிந்துகொள்ள வேண்டும். அறிவியல் இதழில் சீட்டாட்டமா என்று யாரும் கோபிக்க வேண்டாம். நிகழ்தகவுக் கணக்கே பந்தய மேசையிலிருந்து வந்ததுதான். பாதியில் நின்றுபோன ஓர் ஆட்டத்தின் பந்தயத் தொகையை எவ்வாறு பங்கிடுவது என்று 1654இல் பிரான்சு நாட்டின் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்கள் இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படுகின்றன.

ஆட்டத்தின் விதிகள்

போக்கர், அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் வளர்ந்த ஆட்டம். அதன் வகைகளுள் இன்று மிகப் பரவலானது ‘டெக்சாஸ் ஹோல்டெம்’ என்பது. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் கவிழ்த்துப் போடப்படும். பிறகு மேசை நடுவில், எல்லாருக்கும் பொதுவாக, முதலில் மூன்று, அடுத்து ஒன்று, கடைசியாக ஒன்று என ஐந்து சீட்டுகள் திறந்து வைக்கப்படும். கையிலுள்ள இரண்டு, நடுவிலுள்ள ஐந்து ஆகிய ஏழில் சிறந்த ஐந்தைக் கொண்டவர் வெல்வார். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் நடக்கும். ஒருவர் பந்தயம் கட்டினால் மற்றவர்கள் அதே தொகையை ஈடுகட்ட வேண்டும், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலக வேண்டும். ஐந்து சீட்டும் ஒரே இனமாக அமைவதற்கு ‘ஃபிளஷ்’ என்று பெயர். மற்ற சேர்க்கைகளைப் பற்றி நமக்கு இப்போது கவலையில்லை.

உங்கள் கையில் இரண்டு ஆட்டின் சீட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே இனம்! புதிதாக ஆடுபவர்களுக்கு இது பெரிய அதிர்ஷ்டமாகத் தோன்றும். ஆனால் ஒரே இன இரட்டை ஏறக்குறைய நான்கு கைக்கு ஒரு முறை வரும். துல்லியமாகச் சொன்னால் 17க்கு 4. அவ்வாறு வந்த பின்னும், நடுவில் ஐந்து சீட்டும் திறந்து முடிவதற்குள் அந்த இனத்தில் ஃபிளஷ் அமையும் வாய்ப்பு நூற்றுக்கு 6.4 தான். பதினாறு முறைக்கு ஒரு முறை! இரண்டும் ஒரே இனமாக இருப்பதால் மொத்த வெற்றி வாய்ப்பு கூடுவது பெரும்பாலும் நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று அளவே. இதற்காகவே ஒன்றுக்கும் உதவாத சீட்டுகளோடு ஆட்டத்தில் இறங்குவோர் ஏராளம்.

‘வருமா?’ என்று கேட்பது

இப்போது நடுவில் நான்கு சீட்டுகள் திறந்துவிட்டன. அவற்றுள் இரண்டு ஆட்டின். உங்கள் கையிலுள்ள இரண்டோடு சேர்த்து நான்கு ஆயிற்று. இன்னும் ஒரே ஒரு சீட்டு திறக்க வேண்டும். அது ஆட்டின் ஆனால் நீங்கள் வெல்வீர்கள், இல்லையேல் தோற்பீர்கள் என்று கொள்வோம். நீங்கள் கண்டவை ஆறு சீட்டுகள், காணாதவை 46. அவற்றுள் ஆட்டின் 13 – 4 = 9. எனவே வாய்ப்பு 9/46, அதாவது நூற்றுக்கு 19.6. ஏறத்தாழ ஐந்தில் ஒன்று.

நடுவில் 200 ரூபாய் குவிந்திருக்கிறது. எதிராளி 100 ரூபாய் பந்தயம் கட்டுகிறார். நீங்கள் 100 ரூபாய் வைத்து ஈடுகட்டலாமா? பெரும்பாலோர் இந்த இடத்தில் ‘ஆட்டின் வருமா, வராதா?’ என்று யோசிக்கிறார்கள். நெஞ்சு ‘வரும்’ என்றால் வைக்கிறார்கள். உண்மையில் கேட்க வேண்டியது வேறு: ‘இந்த வாய்ப்புக்கு நான் கொடுக்கும் விலை சரிதானா?’

இதே நிலை 46 முறை வருவதாக எண்ணுங்கள். சராசரியாக 9 முறை 300 ரூபாய் கிடைக்கும், மொத்தம் 2,700. மற்ற 37 முறை 100 ரூபாய் போகும், மொத்தம் 3,700. ஆக 1,000 ரூபாய் நட்டம். ஒரு முறைக்கு ஏறக்குறைய 22 ரூபாய் என்க. அதே சீட்டுகள், அதே 100 ரூபாய்ப் பந்தயம். ஆனால் நடுவில் ஏற்கெனவே 200க்குப் பதில் 500 இருந்தால்? வென்றால் 600 கிடைக்கும். 9 × 600 = 5,400; அதில் 3,700 கழிய 1,700 ஆதாயம். முதல் நிலையில் ஈடுகட்டியது தவறு, இரண்டாவதில் விலகியிருந்தால் தவறு. இரண்டு நிலையிலும் ஆட்டின் வரும் வாய்ப்பு என்னவோ ஒன்றேதான். கத்தரிக்காய் நல்லதா என்று மட்டும் பார்த்துவிட்டு, கிலோ என்ன விலை என்று கேளாமல் யாரேனும் வாங்குவார்களா? ஆனால் சீட்டு மேசையில் அதைத்தான் செய்கிறார்கள்.

இதை மனத்திலேயே போடுவதற்கு ஆட்டக்காரர்களிடம் ஒரு எளிய வழி உண்டு. தமக்கு உதவக்கூடிய சீட்டுகளின் எண்ணிக்கையை, இன்னும் ஒரு சீட்டு திறக்க வேண்டுமானால் 2ஆலும், இரண்டு சீட்டுகள் திறக்க வேண்டுமானால் 4ஆலும் பெருக்கினால் நூற்று விழுக்காடு ஏறக்குறைய வந்துவிடும். 9 சீட்டுக்கு 18 என்றும் 36 என்றும் கிடைக்கும். சரியான விடைகள் 19.6, 35.0. வாய்க்கணக்குக்கு இது போதாதா?

‘என் ஆட்டின் வேறொருவர் கையில் இருக்கும்’

நன்றாகக் கணக்குத் தெரிந்தவர்களையும் தடுமாற வைக்கும் ஓர் ஐயம் உண்டு. மேசையில் இன்னும் எட்டுப் பேர் இருக்கிறார்கள்; அவர்களிடம் 16 சீட்டுகள் போய்விட்டன. ‘எனக்கு வேண்டிய ஆட்டின் சில அவர்களிடம் மாட்டியிருக்குமே! அப்படியிருக்க, காணாத 46 சீட்டையும் கட்டில் இருப்பதுபோல் எண்ணிக் கணக்கிடுவது சரியா?’

சரிதான். 46 சீட்டுகளில் 9 ஆட்டின் என்றால், 16 சீட்டுகளில் சராசரியாக 16 × 9/46, அதாவது ஏறத்தாழ 3.1 ஆட்டின் போயிருக்கும். கட்டில் மீதி 30 சீட்டுகள், அவற்றில் 5.9 ஆட்டின். 5.9ஐ 30ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.196. முன் கண்ட 9/46உம் அதேதான்! ஆட்டின் போனபோது மற்ற இனங்களும் அதே விகிதத்தில் போயின. ஒரு குடம் உப்பு நீரில் ஒரு சொம்பு மொண்டு எடுத்தால் குடத்தின் உப்பும் குறைகிறது, நீரும் குறைகிறது. கரிப்பு மாறுவதில்லை அல்லவா?

‘நடுவில் ஒருவன் எழுந்து போனதால் சீட்டு வரிசையே மாறிவிட்டது, இல்லாவிட்டால் அந்த ராணி எனக்கு வந்திருக்கும்’ என்ற புலம்பலும் இவ்வகையே. தெரியாத ஒரு சீட்டுக்குப் பதில் தெரியாத வேறொரு சீட்டு வந்தது, அவ்வளவுதான். ஒன்று மட்டும் உண்மை: பிறர் பந்தயம் கட்டும் விதத்திலிருந்து அவர்களிடம் என்ன இருக்கலாம் என்று நமக்குச் செய்தி கிடைத்தால், வாய்ப்புகளை அதற்கேற்பத் திருத்திக்கொள்ள வேண்டும். வல்லவர்கள் செய்வது இதைத்தான்.

சீட்டுக்கு நினைவு உண்டா?

மாணவரின் கேள்விக்கு வருவோம். இரண்டு ஏஸ் கையில் வருவதுதான் இவ்வாட்டத்தின் மிகச் சிறந்த தொடக்கம். 221 கைக்கு ஒரு முறை வரும். ‘அப்படியானால் 221 கை ஆடினால் ஒரு முறையாவது வந்தாக வேண்டுமே’ என்று தோன்றும். இல்லை. 500 கை ஆடியும் ஒரு முறைகூட ஏஸ் இரட்டையைக் காணாதிருக்கும் நிகழ்தகவு (220/221)இன் 500ஆம் அடுக்கு, அதாவது நூற்றுக்குப் பத்துக்கும் சற்று மேல். நேரில் அமர்ந்து ஆடினால் மணிக்கு 30 கை அளவில் போகும். ஆக, 16 மணி நேரத்துக்கு மேல் ஆடிய பத்துப் பேரில் ஒருவர் வெறுங்கையோடு இருப்பது இயற்கையே. அவர் 501ஆம் கையை எடுக்கும்போது வாய்ப்பு எவ்வளவு? மீண்டும் 221இல் ஒன்றுதான்.

இதற்கு நேர்மாறான நம்பிக்கையும் உண்டு. ‘இன்றைக்கு எனக்குச் சீட்டு ஓடுகிறது, இந்த நாற்காலி ராசியானது’ என்பார்கள். ஒரே ஆள் மாலையில் ‘வரவில்லை, எனவே வரும்’ என்றும், இரவில் ‘வந்தது, எனவே வரும்’ என்றும் சொல்லக் கேட்டிருக்கிறேன்!

ஒரு நுட்பத்தைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. ஒரே கட்டு, ஒரே ஆட்டத்துக்குள் சீட்டுக்கு நினைவு உண்டு. போன சீட்டு திரும்பி வராது என்பதால்தான் 13இல் 4 கழித்தோம். அந்த நினைவை அழிப்பது கலைத்தல். அது முழுமையாக அழிய வேண்டுமானால் நன்றாகக் கலைக்க வேண்டும். கட்டை இரண்டாகப் பிரித்து, விரல்களால் சரசரவென்று ஒன்றுக்குள் ஒன்று விழச் செய்யும் முறையில் 52 சீட்டுகளுக்கு ஏறக்குறைய ஏழு முறை கலைக்க வேண்டும் என்று டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற கணித அறிஞர்கள் 1992இல் காட்டினர். டயகோனிஸ் இளமையில் சீட்டு வித்தை காட்டிய மந்திரவாதி. இந்த ஆராய்ச்சிக்கு அவரைவிடப் பொருத்தமானவர் யார்!

கணினியும் ஒழுங்காகக் கலைக்கும் என்று சொல்வதற்கில்லை. ஒரு கட்டுச் சீட்டை அடுக்கும் வழிகள் 8க்குப் பின் 67 சுழிகள் போட்டால் வரும் எண்ணைவிடச் சற்று அதிகம். 1999இல் அமெரிக்காவில் ஒரு குழுவினர், அப்போது இணையத்தில் நடந்துவந்த போக்கர் ஆட்டம் ஒன்றின் கலைப்பு முறையை ஆராய்ந்தனர். அது நள்ளிரவு முதல் கடந்த மில்லி வினாடிகளின் எண்ணிக்கையை வைத்தே சீட்டைக் கலைத்தது. ஒரு நாளில் மில்லி வினாடிகள் 8 கோடியே 64 லட்சம்தான். எனவே அதற்கு மேல் வரிசைகள் வரவே முடியாது. திறந்த சில சீட்டுகளைக் கொண்டே மீதி வரிசை முழுவதையும் அவர்கள் கண்டுபிடித்துவிட்டனர்! சீட்டுக்கு நினைவு இருந்தால் ஆட்டம் என்ன ஆகும் என்பதற்கு இது சான்று. ஆனால் ‘ராசி’ பார்ப்பவர்கள் யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

தவறு ஏன் திருந்துவதில்லை?

இனித்தான் எனக்கு முக்கியமாகப் படும் இடம். சுடும் என்று அறியாத குழந்தை அடுப்பை ஒரு முறை தொட்டால் போதும். தவறாக ஆடுபவர் ஆயிரம் முறை ஆடியும் ஏன் கற்பதில்லை?

போக்கரில் மிக மட்டமான தொடக்கம் என்று சொல்லப்படுவது வேறுவேறு இனத்தில் ஏழும் இரண்டும். அதை ஏஸும் ராஜாவும் வைத்திருப்பவருக்கு எதிரே கடைசிவரை ஓடவிட்டால் எத்தனை முறை வெல்லும்? ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை! அடுப்பைத் தொட்ட குழந்தைக்கு மூன்று முறைக்கு ஒரு முறை மிட்டாய் கிடைத்தால் அது என்ன கற்கும்? அந்த மிட்டாய்தான் நெடுநாள் நினைவில் நிற்கும். எளிதில் நினைவுக்கு வரும் நிகழ்ச்சியை அடிக்கடி நடப்பதாக மனித மனம் எண்ணிக்கொள்கிறது என்பதை ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானிமன் என்ற உளவியலாளர்கள் 1973இல் விளக்கினர். சிறு எண்ணிக்கையிலான நிகழ்ச்சிகளிலும் சராசரி சரியாக அமைந்துவிடும் என்று நம்புகிற பிழையைப் பற்றி 1971இலேயே எழுதியிருந்தனர். கானிமனுக்கு 2002இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

இயற்பியல் படித்தவர்கள் இதைப் பிரௌன் இயக்கமாகப் பார்க்கலாம். திறமையால் வரும் ஆதாயம் கைகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது. தற்செயல் ஊசலாட்டம் அதன் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது. ஒருவர் நன்றாக ஆடி, 100 கைக்குச் சராசரியாக 5 அலகு ஈட்டுகிறார், ஊசலாட்டத்தின் திட்ட விலக்கம் 90 அலகு என்று கொள்வோம். 10,000 கை ஆடினால் எதிர்பார்க்கும் ஆதாயம் 500. ஊசலாட்டமோ 90ஐ 100இன் வர்க்கமூலத்தால் பெருக்க, 900! இவரைப் போன்ற பத்துப் பேரில் ஏறக்குறைய மூவர் அத்தனை ஆடியும் நட்டத்தில் இருப்பார்கள். மணிக்கு 30 கை, நாளுக்கு மூன்று மணி என்றால் 10,000 கைக்கு 111 நாட்கள் ஆகும். ஒரு பருவத் தேர்வுக் காலம் முழுவதும்! இதையே திருப்பிப் பாருங்கள். அதே அளவு மோசமாக ஆடுபவர்களிலும் பத்தில் மூவர் ஆதாயத்தில் இருப்பார்கள். அவர்களிடம் போய் ‘நீங்கள் ஆடுவது தவறு’ என்று யார் சொல்ல முடியும்? அவர்கள்தாம் மற்றவர்களுக்குப் பாடம் நடத்துவார்கள்.

2003இல் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 839 பேர் கலந்துகொண்டனர். இணையத்தில் ஒரு சிறு போட்டியில் வென்று அதன் மூலம் நுழைந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர் 25 லட்சம் டாலர் பரிசை வென்றார். (அவர் பெயர் உண்மையிலேயே அதுதான்.) அடுத்த ஆண்டு வந்தவர்கள் 2,576 பேர், 2006இல் 8,773 பேர். வென்ற ஒருவரின் படம் எல்லாத் தாள்களிலும் வந்தது. வெறுங்கையோடு வீடு திரும்பிய நூற்றுக்கணக்கானோர் படம் எங்கே வரும்?

அப்படியானால் திறமை என்று ஒன்று இல்லையா? உண்டு, ஆனால் அதைக் காட்டுவதற்கு வேண்டிய ஆட்டங்களின் எண்ணிக்கை மலைக்க வைக்கும். 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான ‘லிப்ராட்டஸ்’ என்ற கணினி நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 20 நாட்களில் 1,20,000 கை ஆடி வென்றது. தற்செயலைக் குறைப்பதற்காக, ஒருவருக்கு எதிரே கணினிக்கு வந்த சீட்டுகளே வேறோர் அறையில் இன்னொரு மனிதருக்கு வருமாறு அமைத்திருந்தார்கள். இவ்வளவு முன்னேற்பாட்டோடும் ஒரு லட்சத்துக்கு மேல் ஆட வேண்டியிருந்தது. ஒரே இரவில் ஆடிவிட்டுத் தம் திறமையை எடைபோடுபவரை என்னவென்பது?

பொய்ப் பந்தயம்

சீட்டு இல்லாமலே இருப்பதுபோல் பெரிய பந்தயம் கட்டி எதிராளியை விரட்டுவது போக்கரின் பெயர்போன உத்தி. இதை முகபாவனைக் கலை என்றே பலரும் நம்புகிறார்கள். லிப்ராட்டஸுக்கு முகம் ஏது? ஜான் வான் நாய்மன், ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து 1944இல் வெளியிட்ட விளையாட்டுக் கோட்பாட்டு நூலில், பொய்ப் பந்தயம் கணக்கிலிருந்தே வருகிறது என்று காட்டினார். நடுவில் 100 ரூபாய் இருக்க, கடைசிக் கட்டத்தில் நீங்கள் 100 ரூபாய் கட்டுகிறீர்கள். எதிராளி 100 வைத்தால் 200 கிடைக்கலாம். எனவே மூன்று முறைக்கு ஒரு முறைக்கு மேல் நீங்கள் பொய் சொன்னால் அவருக்கு ஈடுகட்டுவது லாபம். அதற்குக் குறைந்தால் விலகுவது நல்லது. சரியாக மூன்றுக்கு ஒன்று என்றால் அவர் என்ன செய்தாலும் ஒன்றுதான். பொய்யே சொல்லாதவரை யாரும் ஈடுகட்டமாட்டார்கள். ஓயாமல் சொல்பவரை எல்லாரும் ஈடுகட்டுவார்கள். பொய்க்குப் பயன்படுத்த வேண்டியதும் வெல்ல வழியில்லாத சீட்டுகளைத்தான். நடுத்தரச் சீட்டுகளைப் பொய்க்கு வீணாக்குவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

இத்தனை கணக்கும் கற்றுத் தேர்ந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது. ஆட்டம் நடத்துபவர் நடுத்தொகையில் ஒரு பங்கை ஒவ்வொரு கையிலும் எடுத்துக்கொள்கிறார். மேசையில் உள்ளோர் அனைவரின் லாப நட்டத்தையும் கூட்டினால் சுழி வருவதில்லை; நட்டமே வரும். சமமான திறமையுள்ள ஒன்பது பேர் ஆடினால், நாளடைவில் ஒன்பது பேருமே தோற்பார்கள். போக்கரும் ரம்மியும் திறமை ஆட்டங்களே என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமை ஆட்டமானாலும் அதிர்ஷ்ட ஆட்டமானாலும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டத்தின் வாதங்கள் வேறு. கூட்டல் கணக்கு வேறு.

ஆய்வகத்தில் அன்று நான் அந்த மாணவருக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. சீட்டுக்கட்டு ஒன்று வரவழைத்தேன். நீங்களும் செய்து பார்க்கலாம். நான்கு ஆட்டினையும் வேறு இரண்டு சீட்டுகளையும் எடுத்துவிடுங்கள். மீதி 46ஐக் கலைத்து, மேல் சீட்டைத் திறந்து, ஆட்டினா இல்லையா என்று குறித்துக்கொண்டு, சீட்டைத் திரும்பச் செருகி மறுபடியும் கலையுங்கள். நூறு முறை செய்யுங்கள். எதிர்பார்ப்பது 20, திட்ட விலக்கம் 4. எனவே 12க்கும் 28க்கும் இடையில் ஏதேனும் ஓர் எண் கிடைத்தால் வியப்படைய வேண்டாம். ‘வரும்’ என்று நெஞ்சு சொல்கிற போதெல்லாம் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாதி வழியில் பன்னிரண்டு முறை தொடர்ந்து ஆட்டின் வரவில்லை. மாணவர் தம்மையறியாமல், “இப்ப வரும் பாருங்க சார்” என்றார். சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் சற்றே முன்னால் குனிந்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வந்தது கிளாவர் நான்கு.